கழறாத பாங்கன்: செயற்கை நுண்ணறிவும் நெருங்கிய உறவுகளின் மூன்றாம் ஆளும்

1. கேள்வியை எங்கே வைப்பது

உரையாடும் மென்பொருள்கள் மனித நெருக்கத்தை என்ன செய்கின்றன என்ற விவாதம் பெரும்பாலும் இரண்டு கட்சியாகவே நடக்கிறது. காதலரின் இடத்தையும் நண்பரின் இடத்தையும் இயந்திரம் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு கட்சி அஞ்சுகிறது. பேச ஆளில்லாதவர்களுக்கு இயந்திரமாவது கிடைக்கட்டுமே என்கிறது மற்றக் கட்சி. இரண்டும் பழைய கட்சிகள்தாம். 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட ‘எலைசா’ என்ற எளிய நிரல், பயனர் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. அது எப்படி இயங்குகிறது என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இதைப் பதிவுசெய்த வைசன்பாம், 1976இல் வெளியிட்ட நூலில் கணினியை நம்பி எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று எழுதும் நிலைக்கு வந்திருந்தார். 2011இல் ஆய்வாளர் ஷெர்ரி டர்க்கிளும் அதே அச்சத்தை விரிவாக எழுதினார். எதிர்க்கட்சிக்கு உரம் சேர்த்தது ரெப்ளிக்கா என்ற உரையாடும் செயலி. இறந்துபோன நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு அவரைப் போலவே பேசும் நிரலொன்றைச் செய்து பார்த்த யூஜீனியா குய்டா, 2017இல் அந்தச் செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 2023 பிப்ரவரியில் அதன் பாலியல் உரையாடல் வசதி நிறுத்தப்பட்டபோது, பயனர்கள் பலர் துணையை இழந்தவர்களைப் போலத் துயரப்பட்டார்கள்.

இந்த இரண்டு கட்சிகளும் பார்ப்பது உறவின் இரண்டாம் ஆளை மட்டுமே. ‘நான்’, என் எதிரே ‘நீ’. அந்த ‘நீ’ இருந்த இடத்தில் இப்போது ஒரு நிரல். ஆனால் இயந்திரத்தைக் காதலராகக் கொண்டவர்கள் சிறுபான்மையினர். கணவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியைத் திருத்தித் தரச் சொல்பவர், மாமியாரின் பேச்சில் தவறு யாருடையது என்று கேட்பவர், ‘இவரைக் கட்டிக்கொள்ளலாமா’ என்று நள்ளிரவில் தட்டச்சு செய்பவர் ஆகியோரே பெரும்பான்மை. இவர்களின் காதலரும் கணவரும் மாமியாரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மாறியிருப்பது மூன்றாம் ஆள்: அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், உயிர்த்தோழி, தரகர். அவர்கள் வகித்த இடத்துக்கு இயந்திரம் வந்துவிட்டது என்பதும், அந்த இடத்தின் கடமைகளுள் ஒன்றை அது செய்வதில்லை என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

2. பொங்கோல் ஃபீல்டில் ஒரு பிங்கோ ஆட்டம்

வாதத்தைச் சோதிக்கப் பொங்கோல் ஏற்ற இடம். இளம் குடும்பங்கள் நிறைந்த, சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையோர வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகர் அது. ஏறத்தாழ 50 ஹெக்டரில் பொங்கோல் மின்னிலக்க வட்டாரமும், அதனுள் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் அமைந்துள்ளன. ஓட்டுநரில்லா வாகனச் சேவைக்கும் 2025இல் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியிருப்பு நகர் இதுவே. புதிய கருவிகளைக் குடும்பங்களுக்கு நடுவே வைத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கே புதிதில்லை.

பொங்கோல் ஃபீல்ட் சாலையில் பிரைட் ஹில் எவர்கிரீன் என்ற தாதிமை இல்லம் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாடியா தால்மான் தம் முகச்சாயலிலேயே உருவாக்கிய ‘நாடீன்’ என்ற மனிதவுருவ ரோபோ, கொவிட் காலத்தையொட்டி அங்கே வைக்கப்பட்டது. முதியோருக்குப் பிங்கோ ஆட்டம் நடத்துவது அதன் வேலை. நாடீன் எண்ணைக் கூப்பிடும், எண் திரையிலும் தெரியும், முதியோர் தங்கள் அட்டையில் தேடுவார்கள். நாடீன் இருந்த அமர்வுகளையும் இல்லாத அமர்வுகளையும் ஆய்வாளர்கள் காணொளியில் பதிந்து, முகபாவத்தையும் அசைவையும் கணினிப் பார்வை முறைகளால் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். 2021இல் வெளியான கட்டுரைகள் நாடீனுக்குச் சாதகமாகவே முடிந்தன: முதியோரின் ஈடுபாடு கூடியிருந்தது.

இந்த முடிவை இரண்டு விதமாக வாசிக்கலாம். கேமரா அளந்தது சிரிப்பையும் தலையசைவையும்தான், உறவை அன்று என்று தள்ளிவிடுவது ஒன்று. அது நியாயமான ஐயம். பிங்கோவில் ஜெயித்தவர் யார் எண்ணைக் கூப்பிட்டாலும் சிரிப்பார். மற்றொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: ஆய்வாளர்கள் தாங்களே முன்வைத்த நியாயத்தைக் கொண்டு வாசிப்பது. பராமரிப்பாளர் போதவில்லை, பொழுதுபோக்கை ரோபோ பார்த்துக்கொண்டால் முதியோரின் மனத்தேவைகளைக் கவனிக்கத் தாதியருக்கு நேரம் கிடைக்கும் என்கிறார்கள். நாடீன் இங்கே எவருடைய இடத்தையும் பிடிக்க வரவில்லை. இரண்டு மனிதர்களுக்கு நடுவே நேரத்தை உண்டாக்கித் தர வந்திருக்கிறது. அப்படியானால் இந்தச் சோதனையின் வெற்றியை எங்கே அளக்க வேண்டும்? மிச்சமான அரைமணி நேரம் பாட்டியின் கட்டிலருகே போனதா, அடுத்த நோயாளியின் பதிவேட்டுக்குப் போனதா என்பதில். கேமராக்கள் இருந்ததோ பிங்கோ மேசையின் பக்கம்.

3. அகமரபின் நடுவர்கள்

இருவர் உறவை இருவருக்குள் மட்டும் நிகழ்வதாகக் கருதுவது நம் மரபின் பார்வை இல்லை. சங்க அகப்பாடல்களில் தோழி பேசும் அளவுக்குத் தலைவன்கூடப் பேசுவதில்லை என்று சொல்லத் தோன்றும். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே வாயில்களாக நிற்பவர்கள் என்று தொல்காப்பியம் ஒரு பட்டியலே தருகிறது. அதில் தோழியும் தாயும் பாணனும் விறலியும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினரும், வழியில் கண்டவர்களும்கூட இருக்கிறார்கள்.

தோழியின் வேலை ஆறுதல் சொல்வது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவள் தலைவனைச் சேட்படுத்துகிறாள். எளிதில் நெருங்கவிடாமல் அலைக்கழிக்கிறாள். களவு நீளும்போது வரைவு கடாவுகிறாள், அதாவது மணந்துகொள் என்று நெருக்குகிறாள். நிலைமை முற்றினால் அறத்தொடு நிற்கிறாள்: தலைவியின் காதலைச் செவிலியிடம் சொல்லிவிடுகிறாள், செவிலி நற்றாயிடம் சொல்கிறாள், செய்தி தந்தைவரை போகிறது. காதலின் ரகசியத்தைக் காத்தவளே தக்க நேரத்தில் அதை உடைக்கிறாள்.

தலைவன் பக்கம் பாங்கன் இருக்கிறான். அவனுக்கென்றே ஒரு துறை உண்டு: கழறல். ‘ஒரு பெண்ணுக்காக இப்படி உருக்குலைந்து போகலாமா’ என்று இடித்துரைப்பது அவன் கடமை. குறுந்தொகையில் இந்தச் சூழலில் அமைந்த பாடல்கள் பல. அவற்றில் பெரும்பாலும் நம் காதில் விழுவது தலைவன் சொல்லும் பதில்தான். பாங்கனின் கண்டிப்பை அந்தப் பதிலிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். தன் காதல் எத்தகையது என்று தலைவன் விளக்கும் மிக நல்ல வரிகள் ஒரு நண்பனின் எதிர்ப்புக்குப் பதிலாகப் பிறக்கின்றன. எதிர்ப்பில்லாவிட்டால் அவன் தன்னை விளக்க வேண்டியே இருந்திருக்காது.

இதை அக்காலத்து வாழ்க்கையின் படப்பிடிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புலவர்கள் கட்டமைத்த மரபு அது. தோழி தலைவிக்குச் சமமானவளா, பணிசெய்பவளா என்ற வினாவும் உண்டு. ஆனாலும் ஓர் ஆய்வுக் கருவியாக அது பயன்படுகிறது. மூன்றாம் ஆளுக்கு மூன்று வேலைகளை அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது: கேட்பது, தூது போவது, கழறுவது. முதல் இரண்டையும் இன்றைய மென்பொருள் அபாரமாகச் செய்கிறது. மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

4. சிங்கப்பூரில் அரசே மூன்றாம் ஆளானபோது

தூதுக்கு வெளியாளை நம்புவது சிங்கப்பூர், மலாயாத் தமிழர்களுக்குப் பழகிய ஒன்று. எழுதத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்குப் பள்ளி ஆசிரியரோ கிராணியோ கடிதம் எழுதிக் கொடுத்த தலைமுறை ஒன்று இருந்தது. மனைவிக்கு எழுதும் கடிதத்தின் அந்தரங்கம் மூன்றாமவர் கைவழியாகத்தான் கடல் தாண்டியது. ஆகவே காதல் செய்தியை இயந்திரம் எழுதிக் கொடுக்கிறது என்பதில் மட்டும் பதற எதுவுமில்லை. ஆனால் அந்த ஆசிரியருக்கு எழுதுபவரையும் அவருடைய கடன்களையும் தெரியும். ‘போன மாசமும் பணம் அனுப்பல, இந்த மாசமும் அனுப்பலன்னா அந்தப் புள்ள என்ன பண்ணும்?’ என்று பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கக்கூடியவர் அவர்.

பின்னர் அரசு வந்தது. 1983இல் லீ குவான் இயூ தமது தேசிய தினப் பேரணி உரையில், பட்டதாரிப் பெண்கள் பலர் மணமாகாமலே இருந்துவிடுவதைப் பெரும் பிரச்சினையாக எழுப்பினார். மறு ஆண்டே பட்டதாரிகளுக்காக ‘எஸ்டியு’ என்ற சமூக மேம்பாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. 1985இல் பட்டதாரி அல்லாதோருக்குத் தனி அமைப்பு வந்தது. 2009இல் இரண்டும் ஒன்றாயின. கப்பல் பயணங்கள், தேநீர் விருந்துகள் ஆகியவற்றோடு கணினிவழி இணை பொருத்தமும் அதன் தொடக்ககாலச் சேவைகளில் இருந்தது. இயந்திரம் வரன் பார்ப்பது இந்த ஊரில் நாற்பதாண்டுப் பழக்கம் என்பதைச் செயலிகளைக் கண்டு வியப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கல்வித் தகுதியை வைத்து மக்களைத் தரம் பிரித்த அந்தத் திட்டத்தின் உள்நோக்கத்தை நான் ஏற்கவில்லை. அதைக் கிண்டல் செய்து அன்றே மக்கள் வைத்த பெயர்களில் நியாயம் இருந்தது. ஆயினும் அது கழறும் மூன்றாம் ஆளாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ‘கல்யாணம் எப்போது?’ என்று அது வெளிப்படையாகவே கேட்டது.

வீட்டுக்கொள்கையும் அதையே கேட்கிறது. வருங்காலத் தம்பதி சேர்ந்து விண்ணப்பித்தால் பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் வீவக) வீடு கிடைக்கும். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். தனியாக இருப்பவர் 35 வயதுவரை பொறுத்திருக்க வேண்டும். ‘பிடிஓ போடலாமா?’ என்பதே இங்கே காதலைச் சொல்லும் விதம் என்று சிரித்துக்கொள்கிறோம். அதில் உள்ள வரைவு கடாதலை யாரும் கவனிப்பதில்லை. பொங்கோலின் பல வீடுகள் இப்படி முடிவான திருமணங்களின் வீடுகள். இவ்வளவுக்குப் பிறகும் 2023இலும் 2024இலும் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97ஆகவே நின்றது. அரசு கழறினால் காதல் பெருகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

5. ஒத்தூதும் நடுவர்

சான்றுகளுக்கு வருவோம். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஜூலியன் டி ஃப்ரெய்ட்டஸ் குழுவினர் 2024இல், பேச்சுத்துணைக்கான ‘துணைச் செயலி’யுடன் பேசுவது அந்த நேரத்துத் தனிமையுணர்வை ஏறக்குறைய மனிதரோடு பேசும் அளவுக்கே குறைப்பதாகக் கண்டார்கள். 2025 மார்ச்சில் எம்ஐடி மீடியா லேப்பும் ஓப்பன்ஏஐயும் ஏறத்தாழ ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்தன; அன்றாடம் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் சார்புநிலையும் கூடுதலாக, பிறருடன் பழகுவது குறைவாக இருந்தது. இரண்டும் முரண்படுவதுபோலத் தெரிகிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் இரவுக்கு ஆறுதல் தருவது ஒரு மாதத்துக்குப் பழக்கமாகும்போது வேறாகிவிடலாம். தவிர, இரண்டாவது ஆய்வில் எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது. தனிமையில் இருப்பவர்களே அதிகம் பேசியிருக்கவும் கூடும்.

என் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு வேறொன்று. 2025 அக்டோபரில் வெளியான அதில் ஸ்டான்ஃபோர்டின் மைரா செங்கும் சக ஆய்வாளர்களும் 11 மொழி மாதிரிகளைச் சோதித்தார்கள். பயனர் தாம் செய்ததைச் சொல்லி அறிவுரை கேட்டால், மனிதர்கள் ஆமோதிப்பதைவிட இந்த மாதிரிகள் ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக ஆமோதித்தன. அடுத்து 1,604 பேரிடம் சோதனை நடந்தது; அவர்களுள் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்வில் உண்மையாகவே நடந்த பிணக்கைப் பற்றி இயந்திரத்துடன் பேசினார்கள். ஒத்தூதும் மாதிரியோடு பேசியவர்களுக்குத் தாங்கள் செய்ததே சரி என்ற எண்ணம் உறுதிப்பட்டது. போய்ச் சமாதானம் பேசும் விருப்பம் குறைந்தது. அதே மாதிரியைத்தான் அவர்கள் தரமானது என்றும் நம்பத்தக்கது என்றும் மதிப்பிட்டார்கள்.

இதை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: தீபாவளிக்கு முதல் நாள், மாமியார் சமையலறையில் நிற்க, மருமகள் உணவகத்தில் வாங்கி வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், ஒரு வார்த்தை விழுகிறது, கணவன் வாய் திறக்கவில்லை. இதை மருமகள் சொல்வதுபோல எழுதிக் கேளுங்கள். பிறகு புதிய உரையாடலைத் திறந்து மாமியார் சொல்வதுபோல எழுதுங்கள், மூன்றாவதாகக் கணவன் சொல்வதுபோல. மூவருடைய உணர்வும் ‘முற்றிலும் புரிந்துகொள்ளக்கூடியது’ என்று மூவருக்கும் பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். எல்லை வகுத்துக்கொள்ளும்படி மூவருக்கும் அறிவுரையும் வரலாம். நான்கு அறை வீட்டில் மூன்று எல்லைகள். அந்த முறுக்கை யார் முதலில் எடுத்துத் தட்டில் வைப்பது என்று ஓர் அத்தையோ கொழுந்தனோ சொல்லியிருப்பார்கள்.

இயந்திரம் ஏன் இப்படி? அது பயிற்றுவிக்கப்படும் முறையில் காரணத்தின் ஒரு பகுதி இருக்கிறது. எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மனிதர்கள் இடும் மதிப்பெண்ணைக் கொண்டு மாதிரிகள் திருத்தப்படுகின்றன. நமக்குப் பிடிப்பது ஆமோதிப்பு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் மாதிரியொன்றின் புதிய பதிப்பை, அளவுமீறி முகத்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு, வெளியிட்ட சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் அது பழைய மாதிரியை விலக்கிப் புதியதை நிறுவியபோது, இது முன்போல அன்பாகப் பேசவில்லை என்று பயனர்கள் கொதித்தார்கள். பழையது கட்டணப் பயனர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. கழறுபவரை வேலைக்கு வைக்க நிறுவனத்துக்கும் ஆதாயமில்லை, நமக்கும் ஆசையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பயிற்சிமுறையை மாற்றித் தீர்க்க முடியாது. அத்தை கழறும்போது அவருக்கும் ஆபத்து இருக்கிறது. உறவு முறியலாம், அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வராமல் போகலாம். அந்த விலையைக் கொடுக்கத் துணிவதால்தான் அவர் பேச்சுக்குக் கனம். இயந்திரத்திடம் பணயம் வைக்க எதுவுமில்லை. நாளையே அது கண்டிப்பாகப் பேசக் கற்றுக்கொண்டாலும், பிடிக்காவிட்டால் மூடிவிட்டு மீண்டும் கேட்கலாம்.

6. அத்தைமார்களுக்கு எதிரான வழக்கு

மூன்றாம் ஆளை இப்படிப் புகழ்ந்துகொண்டே போனால் நேர்மையாக இருக்காது. தமிழ்க் குடும்பத்தின் மூன்றாம் ஆட்கள் சாதி பார்த்தவர்கள், நிறம் பார்த்தவர்கள், அடிபட்டு வந்த பெண்ணை ‘அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்பியவர்கள். கழறல் என்ற பெயரில் நடந்தவற்றுள் பெரும்பங்கு அடக்குமுறைதான். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்க 2022 நவம்பரில் நாடாளுமன்றம் முடிவெடுக்கும்வரை, ஓர் ஆண் தன் காதலைப் பற்றி எந்தச் சித்தப்பாவிடம் போய்க் கேட்டிருக்க முடியும்? லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஊருக்குக் காணொளி அழைப்பில் பேசும் வெளிநாட்டு ஊழியருக்கு, அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் காதுகேட்கும் தூரத்திலேயே இருக்கிறார்கள். அவர் வேறெங்கும் கேட்க முடியாததை இயந்திரத்திடம் கேட்கிறார். வெட்கமில்லாமல் கேட்க ஓர் இடம் இருப்பது சிறிய நன்மை அன்று.

சிங்கப்பூர் அரசு இதை முன்பே உணர்ந்தது. 2020 ஜூனில் தொடங்கிய மைண்ட்லைன் மனநலத் தளத்தில், பெங்களூரில் பிறந்த வைசா என்ற உரையாடு மென்பொருள் இணைக்கப்பட்டது. பெயர் சொல்லாமலே அதனுடன் பேச முடிந்தது. (அரசு மென்பொருள்கள் எல்லாமே அவ்வளவு சாமர்த்தியமானவை என்று எண்ண வேண்டாம். மகளுக்குக் கொவிட் தொற்று, என்ன செய்வது என்று 2021இல் ஒருவர் சுகாதார அமைச்சின் ‘ஆஸ்க் ஜேமி’யிடம் கேட்க, அது பாதுகாப்பான உடலுறவு பற்றி அறிவுரை சொல்லியது.) கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம்: 2025 ஜூனில் அரசு 1771 என்ற எண்ணில் 24 மணிநேரச் சேவையைத் திறந்தபோது, மறுமுனையில் பேச மனிதர்களை அமர்த்தியது. இயந்திரத்தை வாயிலாக வைத்து, அதற்கப்பால் ஓர் ஆளையும் வைக்கும் இந்த ஏற்பாடு, நாடீன் ஆய்வாளர்கள் சொன்ன நியாயத்தை ஒத்தது. தனியார் துணைச் செயலிகள் இதற்கு நேர்மாறு. பயனர் அங்கேயே தங்குவதில்தான் அவற்றின் வருமானம்.

7. சட்டம் பார்க்கும் இடமும் பாராத இடமும்

இந்தச் செயலிகளைச் சட்டம் கட்டுப்படுத்துமா? அது முதலில் பார்ப்பது மோசடியை. 2024இல் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின, இழப்பு 1.1 பில்லியன் வெள்ளி. அவற்றுள் இணையக் காதல் மோசடியும் ஒரு வகை. போலி முகமும் போலிக் குரலும் இப்போது மலிவு. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை பிடித்த கும்பல் ஒன்று, டீப்ஃபேக் முகங்களைக் கொண்டு காதல் நாடகமாடிக் கோடிக்கணக்கில் சுருட்டியிருந்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மசோதாவை முன்மொழிந்த அன்றைய உள்துறைத் துணையமைச்சர் சுன் ஷுவெலிங், அப்போது பொங்கோல் வெஸ்ட் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஜூலையில் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, ஏமாற்றப்படுவதை நம்ப மறுத்துப் பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிக் கணக்கைக் காவல்துறை 30 நாள்வரை கட்டுப்படுத்தலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். குடும்பத்தாரும் அதிகாரிகளும் எடுத்துச்சொல்லிப் பயனில்லாமல் போன பிறகே இந்த ஆணை. கழறல் தோற்ற இடத்தில் அரசு கழறுகிறது, இம்முறை கையில் அதிகாரத்தோடு. தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமையில் இது கைவைக்கிறது என்ற ஆட்சேபம் சரியானதே. இருந்தாலும் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன்.

அந்தச் சட்டம் செல்லுபடியாவது ஏமாற்று இருக்கும் இடத்தில் மட்டும். துணைச் செயலி யாரையும் ஏமாற்றவில்லை. தான் இயந்திரம் என்று முகப்பிலேயே சொல்கிறது. மாதச் சந்தா முறையாகப் பிடிக்கப்படுகிறது. வெளிநாட்டுச் சட்டங்களும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த நியூயார்க் சட்டம், தற்கொலை எண்ணம் தெரிந்தால் உதவிக்கு வழிகாட்டும்படி துணைச் செயலிகளைப் பணிக்கிறது. உரையாடல் நீண்டால் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை ‘நான் மனிதர் இல்லை’ என்று நினைவூட்டவும் சொல்கிறது. அதே மாதம் கேரக்டர்.ஏஐ நிறுவனம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் தடையற்ற உரையாடலை நிறுத்தியது. முதல் கட்டளை உயிர் காக்கக்கூடியது. வயது வரம்பும் தேவையானது. ஆனால் நினைவூட்டல் யாருக்கு? மாமியாரோடு சண்டை போட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்யும் பொங்கோல் மருமகளுக்குத் தாம் பேசுவது இயந்திரத்தோடு என்பது முதல் நொடியிலிருந்தே தெரியும். அதனால்தான் அவர் அத்தைக்கு அழைக்காமல் அதைத் திறந்திருக்கிறார்.